வழியில் நிற்காத கார்கள்

அந்தக் கார் ஆலையில் மேஸ்திரியின் பட்டறைக்குத் தனி மரியாதை. இயக்குநர்களுக்குப் போகும் கார்கள் முதலில் அங்கேதான் வரும். மேஸ்திரி, பாதி வழியில் மக்கர் பண்ணும் பெட்ரோல் பம்பைக் கழற்றிக் கடாசிவிட்டு, வெளியே வாங்கிய நல்ல பம்பைப் பொருத்தி அனுப்புவார். இந்தச் சங்கதி இயக்குநர்களுக்கே தெரியாது. இயக்குநர், தலைவர் என்று ஆளுக்கு ஒரு பம்ப் கணக்கில்தான் பட்டறைக்கு வரும். மற்றவர்களின் கார்களுக்கு அந்த யோகம் இல்லை. அவை முச்சந்திக்கு முச்சந்தி நின்றன.

சலுகை விலையில் கிடைக்கிறதே என்று அப்படி ஒன்றை வாங்கியவன் மேஸ்திரியின் மச்சினன். அதே ஆலையில் கதவு மாட்டுபவன். "மாமா, இது காரா, தள்ளுவண்டியா?" என்பான். அக்காள் முகத்துக்காக அதோடு விடுவான்.

விற்பனை படுத்தது. ஆலையைத் தூக்கி நிறுத்த வந்த முதல் தலைவர் சின்னத்தை மாற்றினார். அடுத்தவர் ஆட்களைக் குறைத்தார். மூன்றாமவர் கொஞ்சம் விவரமானவர். "வண்டி நிக்குதுன்னு ஜனங்க சொல்றாங்களே?" என்று கேட்டார்.

"எங்க வண்டி ஒரு நாளும் நின்னதில்லையே சார்" என்றார்கள் இயக்குநர்கள். பாவம், உண்மையைத்தான் சொன்னார்கள்.

தலைவர் நேரே கிடங்குக்குப் போய், ஒரு காரைத் தானே பொறுக்கி எடுத்தார். "நாளையிலிருந்து ஒரு மாசம் இதை நானே ஓட்டப்போறேன். யாரும் தொடக் கூடாது. நின்னுச்சுன்னா, இருக்கற பணத்தையெல்லாம் போட்டு வண்டியைச் சரி பண்ணுவோம். நிக்கலேன்னா விளம்பரத்துல போடுவோம்."

மேஸ்திரி பயந்துபோனார். அந்தக் கார் நின்றால், இயக்குநர்களின் கார்கள் மட்டும் ஏன் நிற்பதில்லை என்று தோண்டுவார்கள்; பட்டறையின் குட்டு வெளிப்பட்டுவிடும். பட்டறையை மூடினால் தன் பிழைப்பும் போச்சு. எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, தலைவர் பேருக்கு வந்திருந்த பம்பை எடுத்து மாட்டினார். பழகிய கை, சட்டென்று முடித்துவிட்டது.

ஒரு மாதமும் கார் ஜம்மென்று ஓடியது. தலைவர் மனம் குளிர்ந்து, பணம் முழுவதையும் விளம்பரத்தில் கொட்டினார். விளம்பரம் பிரமாதமாக இருந்தது. அதைப் பார்த்து வாங்கியவர்களும் நடுரோட்டில் நின்றார்கள்.

ஆலையை மூடுவதாக அறிவிக்க எல்லோரையும் கூட்டினார்கள். தலைவரும் இயக்குநர்களும் தங்கள் கார்களில் குறித்த நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு வண்டிகூட வழியில் நிற்கவில்லை. மேஸ்திரிக்கு அதைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

மச்சினன் மட்டும் வாசலில் காரைத் தள்ளிக்கொண்டு வந்தான். "ஒரு கை குடுங்க மாமா. வேலை போறதுக்காவது நேரத்துக்குப் போய்ச் சேருவோம்."

மேஸ்திரி பின்னால் போய்த் தோள் கொடுத்தார்.