காரை விட்டு இறங்கியவன்

சிஞ்ஞோர் வின்சென்சோவுக்குச் சவரம் செய்யும்போது அவருடைய வாயை மூடவைப்பது இந்திராதேவியால் முடியாத காரியம். கன்னமெல்லாம் நுரை, தொண்டையடியில் கத்தி, அப்போதும் மனிதர் வகுப்பு எடுத்துக்கொண்டிருப்பார். அமெரிக்காவில் நியூ ஜெர்சிப் பக்கம் ஒரு நகரத்தில் முப்பது வருடம் பொலிஸ் வேலை பார்த்தவர். அதில் பிற்பாதி முழுக்க, புதிதாகச் சேருகிற பொலிஸ்காரருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் வேலை. மனைவி செத்தபிறகு, தாய் தகப்பன் பிறந்த ஊர் என்று இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்து லிபெர்த்தா வீதியில் ஒரு பெரிய வீட்டில் தனியாகக் குடியேறினார். வந்த கையோடு பாரிசவாதம் அடித்து ஒரு கால் இழுத்துக்கொண்டது. பாடம் கேட்க இப்போது அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே ஆள், அவரைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றிவிடும், யாழ்ப்பாணம் கொடிகாமத்து இந்திராதேவிதான்.

அமெரிக்காவில் ஒரு பொலிஸ் இல்லை, ஊருக்கொரு பொலிஸ் என்பார். ஒரு பட்டணத்துப் பொலிஸ் பக்கத்துப் பட்டணத்துப் பொலிஸுக்குக் கட்டுப்பட்டதல்ல. மாநிலத்துக்கு வேறு பொலிஸ், நாட்டுக்கு வேறு. ஷெரிஃப் என்று ஒருவர் இருக்கிறார், அவரைச் சனங்களே வாக்குப் போட்டுத் தெரிவுசெய்கிறார்கள். இதைக் கேட்டு இந்திராதேவி சிரித்திருக்கிறாள். கொடிகாமத்தில் அப்படியொரு வாக்குச்சீட்டைத் தந்திருந்தால், யாருக்குப் போடுவதென்று பயந்தே வீட்டுக்குள் பதுங்கியிருப்பாள். வகுப்பின் முதல்நாள் பாடம் என்னவென்றும் அவளுக்கு மனப்பாடம். கரும்பலகையில் 'கைகள்' என்று எழுதுவாராம். ஒருவனை மறித்தால் அவன் முகத்தைப் பார்க்காதே, கைகளைப் பார். கை கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போனால் உன் உயிர் உன் கையில் இல்லை. இந்திராதேவி ஓமோம் என்று தலையாட்டிவிட்டு மற்றக் கன்னத்துக்குப் போவாள். அந்தப் பாடத்தால் தனக்கு ஒரு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை என்றே ஏழு வருடமாக இருந்தாள்.

மாசி மாதம் அவளுடைய தம்பி றஞ்சித்தை அமெரிக்காவில் பொலிஸ் சுட்டுவிட்டது.

றஞ்சித் அங்கே போய் மூன்று வருடம். எத்தனையோ நாடு தாண்டி, காடு தாண்டி, எல்லையில் பிடிபட்டு, கடைசியில் அகதி என்று ஏற்றுக்கொண்டு காகிதமும் கொடுத்துவிட்டார்கள். ஒரு எண்ணெய்க்கடையில், அதாவது பெற்றோல் நிலையத்தில், வேலை. சாரதிப் பத்திரம் எடுத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, பழைய கார் ஒன்று வாங்கியிருந்தான். காலையில் வேலைக்குப் போகிறபோது பின்விளக்கு எரியவில்லை என்று ஒரு பொலிஸ்காரன் மறித்தான். அந்தப் பொலிஸ்காரன் இருபத்துநாலு வயதுப் பெடியன். றஞ்சித் காரை விட்டு இறங்கினான். குளிர்ச்சட்டையின் உள்பொக்கற்றுக்குள் கையை விட்டபடி பொலிஸ்காரனை நோக்கி நடந்தான். பொலிஸ்காரன் கத்தினான். றஞ்சித் இன்னும் வேகமாக நடந்தான். இரண்டு வெடி. ஒன்று தொடையில், ஒன்று இடுப்பெலும்பில்.

உயிர் தப்பியது. ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே விலங்கு மாட்டினார்கள். பொலிஸ்காரனைத் தாக்க வந்தான் என்று வழக்கு. பொக்கற்றுக்குள் இருந்தது சாரதிப் பத்திரம் மட்டும்தான். அதனால் என்ன? தாக்க வந்தவன் வெறுங்கையோடும் தாக்கலாம் என்று அரச தரப்பு சொல்லிவிட்டது.

அரசாங்கம் கொடுத்த வக்கீல் ஒரு பெண். நல்ல மனுசி, ஆனால் தலைக்கு மேல் வழக்குகள். இந்திராதேவியின் மகள் நிலக்ஷிதான் பல்கலைக்கழகத்தில் படித்த இங்கிலிஷை வைத்துக்கொண்டு அவளோடு காணொளி அழைப்பில் கதைத்தாள். பலெர்மோவின் சந்தைப்பக்கமான அல்பெர்கேரியாவில் இரண்டாம் மாடியில் உள்ள அவர்களின் சின்ன வீட்டில், கீழே சந்தைக்காரர் மீன் விலை கூவக் கூவ, கதைத்ததை அவள் தாயிடம் சொன்னாள்.

"அம்மா, பொலிஸ் வேலையிலை இருந்த ஆரும் ஒராள் வேணுமாம். மாமா அடிக்க வரேல்லை, பயத்திலை வந்தவர் எண்டு பொலிஸ்காரர் ஒருத்தரே சொன்னா வழக்கை விட்டாலும் விடுவினமாம். இல்லாட்டி ஏழெட்டு வருசம் உள்ளுக்கை."

"அவையள் காசு குடுத்து அப்பிடி ஒராளைப் பிடிக்கேலாதே?"

"அப்பிடியான ஆக்களுக்குக் குடுக்க அவையளிட்டை வழியில்லையாம். நான் உங்கட சிஞ்ஞோரைப் பற்றிச் சொன்னனான். மனுசி கதிரையாலை எழும்பிட்டா. பொலிஸுக்குப் படிப்பிச்சவரோ, உடனை கேளுங்கோ எண்டு சொன்னவ. இன்னொண்டும் சொன்னவ. ஜெயில் போனிலை மாமாவோடை அண்டைக்கு நடந்ததைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கக்கூடாதாம். எல்லாத்தையும் பதிவு செய்யிறாங்களாம்."

அடுத்தநாள் இந்திராதேவி சவரம் செய்யவில்லை. கதவைத் திறந்ததும் விசயத்தைச் சொன்னாள். கிழவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "உன் தம்பியா? கொண்டுவா, பார்ப்போம்" என்றார். அவளுக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. ஏழு வருடம் மலமும் மூத்திரமும் அள்ளியது வீண்போகவில்லை என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக வெட்கப்படவும் செய்தாள்.

பொலிஸ்காரனின் நெஞ்சில் இருந்த கமராவின் காணொளியை நிலக்ஷி ஒரு டப்லெட்டில் ஏற்றிக் கொடுத்திருந்தாள். சிஞ்ஞோர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். திரும்பப் பார்த்தார். இந்திராதேவி சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். தம்பியின் குரல் மட்டும் கேட்டது. "சேர், சேர்" என்று இரண்டு தரம்.

"ஏன் இறங்கினான்?" என்றார் கிழவர். "இங்கே இத்தாலியிலேயே நாங்கள் காருக்குள் இருந்துதானே பத்திரம் நீட்டுகிறோம்?"

இந்திராதேவி தனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னாள். சண்டைக் காலத்தில் எங்கள் ஊரில் சோதனைச்சாவடி என்று ஒன்று இருந்தது. சைக்கிளோ, மோட்டார்சைக்கிளோ, வானோ, ஆமிக்காரன் மறித்தால் அவன் சொல்ல முதல் இறங்க வேண்டும். அடையாள அட்டையைக் கையில் எடுத்தபடி நாங்கள்தான் அவனிடம் நடக்க வேண்டும். அவன் கத்தினால் கெதியாக வா என்று அர்த்தம். இறங்காமல் இருந்தவன் எதையோ மறைக்கிறான், இல்லாவிட்டால் திமிர்பிடித்தவன். எங்கள் ஒழுங்கையில் இருந்த வான்காரர் ஒருவர் கால் ஏலாமல் இருக்கையிலேயே இருந்தார். இருந்த இடத்திலேயே சுட்டார்கள். அதைப் பார்த்தபோது றஞ்சித்துக்குப் பன்னிரண்டு வயது.

கிழவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு, "செய்துகாட்டு" என்றார். "வழக்கில் என்னைக் கேட்பார்கள். நான் கண்ணால் காண வேண்டும். அந்தக் கதிரைதான் கார். நான் பொலிஸ்."

அவர் தான் நடக்க ஊன்றும் கைபிடிவண்டியைப் பிடித்துக்கொண்டு வரவேற்பறை நடுவில் எழுந்து நின்றார். இந்திராதேவி சாப்பாட்டுக் கதிரையில் இருந்தாள். முதலில் சிரிப்புத்தான் வந்தது, இந்த வயதில் இரண்டு பேரும் கள்ளன் பொலிஸ் விளையாடுகிறோமே என்று. பிறகு எழுந்தாள். கம்பளிச்சட்டையின் உள்ளே கையை விட்டுக்கொண்டு அவரை நோக்கி நடந்தாள்.

கிழவர் கத்தினார். இங்கிலிஷில். அந்தக் குரலை அவள் அந்த வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை. நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், இது விளையாட்டு என்றும் தெரியும். கால்கள் கேட்கவில்லை. அவள் விரைந்தாள்.

சிஞ்ஞோரின் வலதுகை கைபிடிவண்டியை விட்டு இடுப்புக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை, பிஜாமாவின் நாடாதான். ஆனாலும் அந்தக் கை, இல்லாத துப்பாக்கியை உருவி அவளுடைய நெஞ்சுக்கு நேரே நீட்டியது. விரல் இரண்டு தரம் மடங்கியது.

அவர் சரிந்து விழுமுன் அவள்தான் தாங்கிப் பிடித்து நாற்காலியில் இருத்தினாள். தண்ணீர் பருக்கினாள். அவருடைய முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"நீ யார் என்று எனக்குத் தெரியும்" என்றார். "தெரிந்துகொண்டே சுட்டேன்."

"பரவாயில்லை சிஞ்ஞோர். என்னிடம் சொன்னது போதும். அவர்களிடம் இதைச் சொல்ல வேண்டாம்."

"உன் தம்பி தாக்க வரவில்லை. அதை நான் எந்த நீதிமன்றத்திலும் சொல்வேன். ஆனால் அடுத்த கேள்வி ஒன்று வரும். அந்த இடத்தில் நீ நின்றிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்பார்கள். எல்லா வழக்கிலும் கேட்பார்கள்."

"சுட்டிருக்க மாட்டேன் என்று சொல்லுங்கள். ஒரே ஒரு சொல்."

"சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்லச் சொல்கிறாயா?"

இந்திராதேவிக்குக் கோபம் தலைக்கேறியது. வீட்டுக்காரரிடம் குரல் உயர்த்தக்கூடாது என்று இத்தனை வருடம் கட்டிக்காத்த வாயை அன்றைக்குத் திறந்துவிட்டாள். "முப்பது வருடத்தில் நீங்கள் ஒருநாளும் நீதிமன்றத்தில் பொய் சொன்னதில்லையா?"

கிழவர் யன்னலைப் பார்த்தார். இல்லை என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள்.

"சொல்லியிருக்கிறேன்" என்றார். "மற்றப் பொலிஸ்காரருக்காக."

அந்த இருபத்துநாலு வயதுப் பெடியனை அவர் கண்ணாலும் கண்டதில்லை. ஆனால் அவன் அவருடைய ஆள். ஏழு வருடம் கூட இருந்த இவள் வேலைக்காரி. அதை அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்பதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. குசினிக்குள் போய் அவருக்குச் சூப்பைச் சூடாக்கினாள், வேறு என்ன செய்வது.

இரண்டு நாள் கழித்து வக்கீலோடு கிழவர் போனில் பேசினார். நிலக்ஷி பக்கத்தில் இருந்தாள். தாக்க வந்தவனல்ல என்று உறுதியாகச் சொன்னார். அடுத்த கேள்வியை வக்கீல் கேட்டபோது, சுட்டிருப்பேன் என்றும் சொன்னார். வக்கீல் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அப்படி ஒரு சாட்சியைக் கூண்டில் ஏற்றுவது தன் ஆளைத் தானே குழியில் தள்ளுகிற வேலை என்று நிலக்ஷியிடம் பிறகு விளக்கினாள். கடைசியில் அரச தரப்போடு பேரம் பேசி, சின்னதாக ஒரு குற்றத்தை றஞ்சித் ஒப்புக்கொள்வதென்று முடிவானது. பொலிஸ்காரனைப் பயமுறுத்தும்படி நடந்துகொண்டேன் என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும். சொன்னான். அடுத்த வருடம் வரைக்கும் சிறை. அகதிக் காகிதம் தப்பும். ஆனால் வெளியே வந்து பொலிஸோடு இன்னொரு தரம் இப்படி ஏதும் நடந்தால், சுடுபட்டுச் சாகாவிட்டாலும் ஊருக்கு அனுப்புவார்கள், யாராலும் காப்பாற்ற ஏலாது என்றாள் வக்கீல். வழக்கு முடிந்தது, இனி போனில் எதையும் கதைக்கலாம் என்றும் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிறையிலிருந்து றஞ்சித்தின் அழைப்பு வந்தது. இந்திராதேவி கைபேசியைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு கட்டிலில் இருந்தாள்.

"நடக்கிறியே தம்பி?"

"பொல்லோடை நடக்கிறன் அக்கா. அவ்வளவு நோ இல்லை. உங்களுக்கெல்லாம் கரைச்சல் குடுத்துப்போட்டன். என்ரை பிழைதான்."

"உன்னிலை என்ன பிழை?"

"பெல்ட், அக்கா. சீற் பெல்ட் கழட்டுப்படேல்லை. இழுத்து இழுத்துப் பாத்தன். அதிலை சுணங்கிப்போச்சு. அந்தப் பெடியனுக்கு நான் வேணுமெண்டு உள்ளுக்கை இருக்கிறன் எண்டு சந்தேகம் வந்திட்டுது. கெதியா இறங்கியிருந்தா அவன் சுட்டிருக்கமாட்டான்."

இத்தனை மாதமாக அந்தக் கட்டிலில் கிடந்து இவன் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தானா? அடுத்த முறை இன்னும் விரைவாக இறங்க வேண்டும் என்றா? சத்தம் போட்டு அழ வேண்டும்போல் இருந்தது. அழுதால் சிறையில் கதைக்கத் தருகிற கொஞ்ச நேரமும் போய்விடும்.

"தம்பி, நான் சொல்லுறதை வடிவாக் கேள். அங்கை மறிச்சா இறங்கக்கூடாது. ஸ்டியரிங்கிலை ரெண்டு கையையும் வைச்சுக்கொண்டு அசையாமல் இருக்கோணும். அவன் வந்து கேக்குமட்டும் பொக்கற்றுக்குள்ளை கை வைக்காதை. அவன் கத்தினாலும் இறங்காதை. விளங்குதே? இறங்கினபடியாத்தான் உன்னைச் சுட்டவன்."

மறுமுனையில் யாரோ இங்கிலிஷில் பெயர்களைக் கூப்பிடுவது கேட்டது.

"றஞ்சித்?"

"உங்களுக்கென்ன விசரே அக்கா?" என்றான் அவன். சின்ன வயதில் இருட்டுக்குள் கதைப்பதுபோலக் குரலைத் தாழ்த்தியிருந்தான். "இறங்காமல் இருந்தா சுட்டுப்போடுவாங்கள்."