மொட்டைமாடி அம்மன்

ஆடி பிறந்தால், ஆவடி பக்கத்துக் கோவில்பதாகை ஊரில் சுரேகாவுக்கு மரியாதை வந்துவிடும். ஆவணி பிறந்ததும் அது வந்த வழியே போய்விடும். அந்த ஒரு மாதம் அவள் 'தாயே'. மற்ற மாதங்களில் அவளை என்னென்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பதை எழுதினால் காகிதத்துக்குத்தான் அசிங்கம்.

பாடியில் ஒரு லேத் பட்டறைக்காரருக்கு மகன் என்று பிறந்து, தான் மகள் என்று சொன்னதற்காக வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவள் அவள். இந்தக் கட்டத்தைத் தொலைக்காட்சியில் சொன்னால் பின்னால் புல்லாங்குழல் ஊதுவார்கள். சுரேகாவுக்கு அந்தப் புல்லாங்குழலே ஆகாது. துரத்தினார்கள், போனாள். போன இடத்தில் ஆடினாள். ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை எந்தத் திருவிழாவில் ரெக்கார்டு டான்ஸ் போட்டாலும் கதாநாயகி வேஷம் அவளுக்குத்தான். கீழே நின்று விசிலடித்த வீரர்கள் மேடைக்குப் பின்னால் வந்து கையைப் பிடித்து இழுப்பார்கள். மறுநாள் டீக்கடையில் பார்த்தால், அதே வீரர்கள் மனைவி பக்கத்தில் இல்லாதபோதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

பிறகு நுங்கம்பாக்கத்தில் ஒரு ஓட்டலில் ட்ராக் ஷோ வந்தது. அதை நடத்தும் கௌதமுக்கு முதல் நாளே பெரிய சந்தேகம்.

"ட்ராக்னா ஆம்பளை, பொம்பளை வேஷம் போடறது. நீங்கதான் ஆல்ரெடி பொம்பளை ஆச்சே அக்கா? அப்போ இது எப்படி ட்ராக் ஆகும்?" என்று நெற்றியைச் சுருக்கினான்.

அவள் பெண்தான் என்று ஒருவன் இவ்வளவு உறுதியாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவும் வேலை இல்லை என்று சொல்வதற்காக.

"வேஷம்னா வேஷம் தம்பி. உங்கம்மா கல்யாணத்துக்குப் போறப்போ பூசிக்கறது இன்னாவாம்?" என்றாள். அவன் சிரித்துவிட்டு மேடையைக் கொடுத்தான். காக்கைச் சிறகு போல இமைமுடி ஒட்டிக்கொண்டு, தலைக்கு மேல் இன்னொரு தலை உயரத்துக்குச் சவுரி வைத்துக்கொண்டு அவள் ஆட, இங்கிலீஷ் பேசும் பிள்ளைகள் 'குயின், குயின்' என்று கத்தினார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் கத்தி முடித்தபின் அவரவர் காரில் ஏறிப் போய்விடுவார்கள். குயின் கடைசி மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுவாள்.

ஜூன், திருநங்கைகளையும் கொண்டாடும் 'பிரைடு' மாதமாம்; அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி அவளைப் பேசக் கூப்பிட்டது. வானவில் நிறத்தில் கேக். 'உங்கள் வலியைச் சொல்லுங்கள்' என்றார்கள். சொன்னாள். ஏற்பாடு செய்த சுவேதா என்ற பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த ஈரம் காய்வதற்குள், "உங்க அபார்ட்மென்ட்ல வாடகைக்கு ஏதாச்சும் கெடைக்குமா மேடம்?" என்று சுரேகா கேட்டாள். "எனக்கு ஓகேதான். அசோசியேஷன்லதான் கொஞ்சம்..." என்று இழுத்த சுவேதா, இன்னொரு துண்டு கேக்கை நீட்டினாள். இவர்களுக்கெல்லாம் வலி வேண்டும். வலி குடியிருக்க ஒரு அறை கேட்டால் மட்டும் அசோசியேஷன் வந்துவிடும்.

ஆகவே அவளுக்கு இருந்ததெல்லாம் ஜெகதீசன் வீட்டு மொட்டைமாடி அறைதான். ஜெகதீசன் நெல் விளைந்த நிலத்தைப் பிளாட் போட்டு விற்று, அந்தப் பணத்தில் ஒரு வீட்டின்மேல் இன்னொரு வீட்டைக் கட்டி, கடைசியில் சிமென்ட் ஷீட்டு போட்டு இந்த அறையையும் ஒட்டவைத்தவர். திருவிழாக் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். சித்திரை வெயிலில் அப்பளம் பொரிக்கலாம் போன்ற அந்த அறைக்கு வேறு யாரும் வராததால் சுரேகாவுக்குக் கிடைத்தது. அவளுக்கு அது உயிர். கதவைச் சாத்திக்கொண்டு, முகத்தைக் கழுவிவிட்டு, யாருக்காகவும் எதுவாகவும் இல்லாமல் உட்கார அவளுக்கு வாய்த்த முதல் இடம் அது.

இந்த ஆடி முதல் வாரம் ஜெகதீசன் மாடிக்கு ஏறி வந்தார்.

"நம்ம பையன் தினேஷுக்குப் பொண்ணு பாத்துகினு கீறோம். பொண்ணு ஊட்டுக்காரங்க வந்து போற எடம். நீ மேல கீறேன்னு தெரிஞ்சா நல்லா இருக்காது. ஆடி முடிஞ்சதும் காலி பண்ணிடும்மா."

"எங்கண்ணா போவேன்? ஒருத்தரும் ஊடு தர மாட்டேங்கறாங்க."

"அதுக்கு நான் இன்னா பண்றது?" என்றவர், படியில் பாதி இறங்கி, மறந்ததை எடுத்துக்கொள்ளத் திரும்புகிறவர்போலத் திரும்பினார். "ஆங், மூணாவது ஞாயித்துக்கெழம அம்மன் வேஷம் நீதான். பம்பைக்காரங்களுக்குச் சொல்லிட்டேன். சுத்தபத்தமா இரு."

வாய் கூசாமல் இதைச் சொல்ல ஒரு மனிதனால் முடிகிறது. ஜெகதீசனுக்கு முடிந்தது.

சுரேகாவோடு மேடையில் ஆடும் சிம்ரன்தான் வழி சொன்னாள். அவளும் திருநங்கை, இவளைவிட வாய்த்துடுக்கு.

"வேஷத்துல கேளுடி. சுரேகா கேட்டா தொரத்துவானுங்க. ஆத்தா கேட்டா காலைக் கழுவிக் குடுப்பானுங்க."

அந்த ஊரில் வழக்கம் அப்படி. வேஷக்காரிக்குக் கிரீடம் கட்டிவிட்டால் அதை அவிழ்க்கும்வரை யாரும் அவள் பெயரைச் சொல்லக்கூடாது. கமிட்டிக்காரர்கள் வீட்டு வாசல்களில் நிற்பாள், வீட்டுக்காரி மஞ்சள்தண்ணீரால் காலைக் கழுவி, "இன்னா வேணும் தாயே?" என்று கேட்பாள். "கூழு ஊத்து, வேப்பிலை கட்டு, வயிறு குளுந்து போறேன்" என்பதுதான் எப்போதும் சொல்லும் பதில். இத்தனை வருஷத்தில் சுரேகா அதில் ஒரு வார்த்தை கூட்டியதில்லை. இவர்கள்மேல் எவ்வளவு வெறுப்பு இருந்தாலும் அம்மன்மேல் அவளுக்குப் பயம் இருந்தது. ஆனால் அறை போய்விடும் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

மூன்றாவது ஞாயிறு உச்சி வெயிலில் பம்பை முழங்க ஜெகதீசன் வாசலுக்கு வந்து நின்றாள். சிவப்புப் பட்டு, முகமெல்லாம் மஞ்சள், கையில் சூலம். தெருவே கன்னத்தில் போட்டுக்கொண்டது. தினேஷ் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படமாக எடுத்துத் தள்ளினான். ஜெகதீசனின் மனைவி கன்னியம்மாள், மாடிக்குக் குடம் தண்ணீர் கொண்டுபோகக்கூட இவளைத் தன் அடுப்படி வழியாக விடாதவள், குனிந்து காலைக் கழுவி அந்தத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டாள்.

"இன்னா வேணும் தாயே?"

சுரேகா சூலத்தை ஓங்கித் தரையில் குத்தினாள். பம்பை நின்றது.

"மேல்மாடி ரூமு எனக்கு வோணும். நான் அங்கதான் இருப்பேன். யாராச்சும் என்னைக் கெளப்பனீங்க, இந்த ஊட்ல மேளச்சத்தம் கேக்காது!"

கன்னியம்மாள் 'ஆத்தா' என்று அலறி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஜெகதீசன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்து, உள்ளங்கையில் கற்பூரத்தை ஏற்றிச் சத்தியம் செய்தார்.

"ரூமு உனக்குத்தான் தாயே! இன்னிலேர்ந்து அங்க ஒரு மனுசப் பய கால் வெக்க மாட்டான்!"

முதல் பாதியைக் கேட்டதுமே சுரேகாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மறுபாதியை அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அன்று அவள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, நிஜமாகவே அருள் வந்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

கிரீடம் அவிழ்த்தவள் மறுநாள் தலைமுழுகும்வரை எந்த வீட்டுப் படியும் ஏறக்கூடாது. அதனால் கோயில் கொட்டகையிலேயே படுத்தாள். அப்படியே பூந்தமல்லியில் ஒரு திருவிழாவுக்குப் போய் ஆடிவிட்டு, செவ்வாய்க்கிழமை காலை சிம்ரனோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். வழியெல்லாம் அறைக்குப் புதுத்திரை வாங்குவதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். சிம்ரனைக் கீழே நிற்கச் சொல்லிவிட்டுப் படியேறினாள்.

அவளுடைய இரும்புப் பெட்டியும் சவுரிகளும் பாயும் மாடிப்படி முடியும் இடத்தில் குவிந்து கிடந்தன. அறைக்குக் காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருந்தார்கள். வாசலில் மாவிலைத் தோரணம், பக்கத்தில் ஒரு உண்டியல். சாமிக்கு இடம் கொடுத்த கையோடு உண்டியல் வைக்க மட்டும் ஜெகதீசன் மறக்கவில்லை. உள்ளே அவள் பாய் விரித்துப் படுத்த இடத்தில் ஒரு பெரிய படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. மாலையும் போட்டிருந்தார்கள். தினேஷின் செல்போன் படம். சுரேகாவின் முகம்.

"செருப்பைக் கழட்டு!" என்று கன்னியம்மாள் பதறிக்கொண்டு ஓடிவந்தாள். "உள்ள போவாத. ஆத்தா குந்திகினு கீறா. அங்கியே நின்னு கும்புட்டுக்கோ."

"படத்துல கீறது யாருக்கா?"

"இன்னா கேள்வி இது? அம்மா."

"அது நான்கா. என் மூஞ்சிக்கா அது. ரூமு கேட்டது நான்தான்."

"தப்பு, தப்பு! கன்னத்துல போட்டுக்கோ. அன்னிக்கி உன் வாயால வந்தது ஆத்தா பேச்சு. நீ எங்க, அவ எங்க!"

தன் வேஷத்துக்கு அறை கிடைத்துவிட்டது, தனக்குக் கிடைக்கவில்லை என்பது சுரேகாவுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. அருவருப்புத்தான் வந்தது. இவர்களிடமா இத்தனை வருஷம் பயந்து, கெஞ்சி, அண்ணா என்றும் அக்கா என்றும் கூப்பிட்டுக்கொண்டு கிடந்தோம்?

பின்னாலேயே ஜெகதீசன் வந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"பொண்ணு ஊட்டுக்காரங்க ஒத்துகினாங்கமா. அம்மனே வந்து குந்தின ஊடுன்னு அவங்களுக்கு ஒரே சந்தோசம். எல்லாம் உன் ராசிதான். உன் சாமான் ஒண்ணும் ஒடையாமத்தான் எடுத்து வெச்சோம், பாத்துக்கோ. அப்புறம், வெள்ளிக்கெழம இங்க மொத பூச. ஊரே வருது. நீ வேஷம் கட்டிகினு வந்து ஒரு ரவுண்டு ஆடிட்டுப் போயிடு."

சுரேகா அவரை மேலும் கீழும் பார்த்தாள். செருப்பைக் கழற்றவில்லை. குனிந்து பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, அறைக்குள் இருந்த படத்தைத் தாடையால் காட்டினாள்.

"உள்ள குந்திகினு கீறாளே உங்க அம்மன், அவளையே எறங்கி வந்து ஆடச் சொல்லு."