போன் போட்டது யார்

யாரோ பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டுவிட்டார்கள். டால்டன் ஸ்டாஃபர் தன் அப்பாவின் துப்பாக்கியைப் பள்ளிக்கு எடுத்துவரக்கூடும், உடனே கவனியுங்கள் என்று. பேர் சொல்லாமலே தகவல் சொல்ல ஒரு எண் உண்டு. அதைப் பள்ளிக் கழிவறைக் கதவு வரைக்கும் ஒட்டிவைத்திருக்கிறார்கள்.

அதுவும் எந்த நேரத்தில்! சனிக்கிழமை மான் வேட்டை சீசன் தொடங்குகிறது. பென்சில்வேனியாவின் அந்த மலையூரில் அன்றைக்கு வீட்டில் இருக்கும் ஆண்பிள்ளையைக் காய்ச்சலா என்று கேட்பார்கள். மான் மோப்பம் பிடித்துவிடாமல் இருக்க, சோப்பு வாசனை போகட்டும் என்று கர்ட் ஸ்டாஃபர் தன் ஆரஞ்சு நிற வேட்டைக் கோட்டையும் பதினாறு வயது மகன் டால்டனின் கோட்டையும் பின்வாசல் கொடியில் காற்றாடப் போட்டிருந்தார்.

போன் வந்த அன்று மத்தியானம் போலீஸ் பள்ளிக்கு வந்து டால்டனின் பையையும் அலமாரியையும் துழாவியது. ஒன்றும் கிடைக்கவில்லை. விசாரித்துவிட்டு அம்மா ஜோலினோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் ஓய்லர் டீச்சர் வந்து சமையலறையில் உட்கார்ந்தார். பிள்ளைகளின் மனக்கஷ்டம் கேட்பதற்கென்றே பள்ளியில் இருப்பவர் அவர்.

"யாரு சொன்னது? பேரைச் சொல்லுங்க டீச்சர்," என்றார் கர்ட்.

"எங்களுக்கே தெரியாது கர்ட். தெரிஞ்சாலும் சொல்லமாட்டேன்."

"எனக்குத் தெரியும். அந்த ஸ்கூல் ஃபுட்பால் டீம் பயலுங்கள்ல ஒருத்தன். எம் புள்ள பேரைக் கெடுக்கிறதுக்குன்னே பண்ணியிருக்கான். எவன்னு மட்டும் தெரியட்டும், தோலை உரிச்சிடறேன்."

"கத்தாதே. பையன் மாடிப்படியிலதான் உக்காந்திருக்கான்," என்றாள் ஜோலின்.

"கேக்கட்டும். அவனுக்காகத்தானே கத்தறேன்!"

ஓய்லர் டீச்சர் காபியைத் தொடவே இல்லை. "நான் கேக்க வந்தது ஒண்ணே ஒண்ணுதான். கொஞ்ச நாளைக்குத் துப்பாக்கிங்க இந்த வீட்டுல வேண்டாம்."

"சீசன் நேரத்துலயா? நல்லா இருக்கே! அதெல்லாம் பீரோவுல பூட்டிக் கெடக்கு டீச்சர். நாலு பேர் சேர்ந்தாலும் நகத்த முடியாத இரும்பு பீரோ. நம்பர் எனக்கு மட்டும்தான் தெரியும். இதோ, கட்டின பொண்டாட்டி, இவளுக்கே தெரியாது."

மாடிப்படி கிறீச்சிட்டது. டால்டன் இறங்கி வந்தான். யாரையும் பார்க்காமல் நடையில் இருந்த பீரோவின் முன் போய் நின்றான். மளமளவென்று எண்களை அழுத்தினான். கதவு திறந்துகொண்டது.

துப்பாக்கிக்குப் போடும் எண்ணெய் வாசனை சமையலறை வரைக்கும் வந்தது. கர்ட் எழுந்து நடைக்கு வந்தார்.

"என் பிறந்த நாள்ப்பா," என்றான் டால்டன். "உன் போனு, பேங்க் கார்டு, கார் ஷெட்டு, எல்லாத்துக்கும் அதைத்தானே வச்சிருக்கே."

அவன் பிறந்த வாரம் வாங்கிய பீரோ அது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு எண் வைக்க உட்கார்ந்தபோது கர்ட்டுக்கு வேறெந்த எண்ணும் தோன்றவில்லை. அந்த ஒரு தேதியைத் தவிர உலகத்தில் மற்ற தேதியெல்லாம் அவருக்கு அன்றைக்கு மறந்தே போயிருந்தது. பிள்ளைமேல் இருந்த ஆசையில் அந்தப் பிள்ளை கையிலேயே சாவியைக் கொடுத்துவைத்திருக்கிறோமே என்று இப்போது மனசு பதறியது.

"கடைசியா எப்பத் திறந்தே?" என்று கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை. நீங்க ரெண்டு பேரும் சர்ச்சுக்குப் போனப்போ."

"கையில எடுத்தியா?"

"எடுத்தேன். திருப்பி வச்சிட்டேன்."

"எதுக்குடா?" என்றாள் ஜோலின்.

"ஸ்கூல்ல நான் துணி மாத்தறதை வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பிட்டாங்கம்மா. சாப்பாட்டுக் கூடத்துக்குள்ள நுழைஞ்சாலே சிரிக்கிறாங்க. துப்பாக்கியை வச்சுக்கிட்டு ஒவ்வொருத்தன் மூஞ்சியா நெனச்சுப் பாத்தேன். அப்புறம்... எனக்கே என்னைப் பாத்து பயம் வந்துடுச்சு."

மூன்று வாரமாக மதிய ரொட்டி தொடாமல் வீடு திரும்பிக்கொண்டிருந்தது. போன சீசனில் உறையவைத்த மான் கறி வைத்து விடிகாலையில் கர்ட் கட்டிக்கொடுப்பது. கொழுப்புடா உனக்கு என்று போன வாரம்கூடத் திட்டினார். பாவி, ஏன் சாப்பிடவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இதை யார்கிட்டடா சொன்னே? அவன்தான் போன் போட்டிருக்கான்," என்றார்.

"யார்கிட்டயும் சொல்லல."

"அப்புறம் எப்படி?"

"நான்தாம்பா போட்டேன். என்னைப் பத்தி நானேதான் சொன்னேன்."

ஓய்லர் டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்கும் அது அந்த நிமிஷம்தான் தெரியவந்தது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா கண்ணா."

"சொல்லத்தான் வந்தேன். நீ இங்க உக்காந்து நான் வேட்டைக்கு எடுக்கற துப்பாக்கியைத் துடைச்சிட்டிருந்தே. 'சனிக்கிழமைக்கு ரெடியா சிங்கம்'னு கேட்டே. அவ்ளோ சந்தோஷமா இருந்தேப்பா. சொல்ல மனசு வரல."

கர்ட்டைவிட அவன் அரை அடி உயரம். இருந்தும் அவன் பின்கழுத்தைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அவன் விம்மி விம்மி அழுதான். அவரும்தான் அழுதார்.

பிறகு, வருஷாவருஷம் சேர்ந்து வேட்டைக்குப் போகும் லைலுக்குப் போன் போட்டார். "லைல், வண்டியை எடுத்துக்கிட்டு வா. என் துப்பாக்கி எல்லாம் கொஞ்ச காலம் உன் வீட்டுல இருக்கணும்."

அந்த ஊரில் ஒருவன் இப்படிக் கேட்டால் ஏன் என்று திருப்பிக் கேட்பதில்லை. லைலும் கேட்கவில்லை. "இதோ வந்துட்டேன்டா," என்றான்.

ஓய்லர் டீச்சர் மறுநாள் காலைக்கே மனநல மருத்துவரிடம் நேரம் வாங்கிக் கொடுத்தார். வீடியோ எடுத்தவர்களைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை விடியும்போதே மலையில் முதல் வெடிச்சத்தம் கேட்டது. கர்ட் ஜன்னல் பக்கம்கூடத் திரும்பவில்லை. அடுப்படியில் நின்று முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். டால்டன் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டான்.

"ஊர்ல எல்லாரும் மலைக்கு வேட்டைக்குப் போயிட்டாங்க. உனக்கு வருத்தமா இல்லையா?" என்று கேட்டான்.

"போடா, நீ ஒரு தட்டு முழுக்கத் தின்னு எத்தனை நாளாச்சு," என்றார். முட்டையைத் திருப்பிப் போட்டார். "அந்தப் போன் போட்ட பையனுக்கு நான் ஒண்ணும் சொல்லலியே."

"தோலை உரிக்கிறேன்னு சொன்னியே."

"அது கோவத்துல சொன்னது." சட்டியை இறக்கி வைத்துவிட்டு மகனைப் பார்த்தார். "எம் புள்ளையைக் காப்பாத்திட்டான்டா அவன். ரொம்ப நன்றின்னு சொல்லு."

டால்டன் தலையை ஆட்டினான். பிறகு தட்டை நீட்டினான்.