இருநூறு சதவீதம்

எதிர்வீட்டுத் திருத்தக்காவின் கம்ப்யூட்டர் திரையை என் சமையலறையிலிருந்தே படிக்கலாம் என்று கண்டுபிடித்த அன்று அடுப்பில் வைத்த பால் மொத்தமும் பொங்கி வழிந்தது. மூன்று மாதம் முன்னால் அந்த ஜன்னலில் வெறும் வெளிச்சம்தான் தெரியும். பிறகு தலைப்புகள் தெரிந்தன. இப்போது ஆறாம் வகுப்பு அறிவியல் முழுவதும். தவளையின் ஜீரண உறுப்பு வரைக்கும் வந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் அவ்வளவு தூரம் போனதில்லை.

திருத்தக்கா என்பது நாங்கள் வைத்த பெயர். ஒரு பாடநூல் பதிப்பகத்துக்கு வீட்டிலிருந்தே பிழை திருத்துகிறாள், இருபத்திரண்டு வருடமாக. தண்ணீர் வராது என்று மாடிப்படியில் அறிவிப்பு ஒட்டினால் அதையும் விடமாட்டாள், பேனாவோடு இறங்கி வருவாள். பதிப்பகத்தில் திருத்துகிறவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் போதும் என்று பேச்சு அடிபடுகிறது. கழிக்கப்படும் ஆள் தானாகிவிடக் கூடாதே என்று அவள் ஒரு சுற்று இளைத்தே போயிருந்தாள்.

அந்த வீட்டில் கம்ப்யூட்டர் ஒன்று, ஆள் இரண்டு. புருஷன் போட்டோவுக்கு ஃபிரேம் போடுகிற கடை வைத்திருக்கிறார். வாடிக்கையாளர்கள் அனுப்பும் படங்களைச் சாயங்காலம் அதில்தான் பார்ப்பார். விண்டோஸுக்குப் பதில் கொழுந்தன் போட்டுக்கொடுத்த லினக்ஸ்; யார் வேண்டுமானாலும் உள்ளே கைவைக்கலாம் என்கிற வகை. இவர்களும் வைத்தார்கள். காலையில் இவள் எழுத்தை இருநூறு சதவீதம் ஆக்குவாள். சாயங்காலம் அவர், "படம் பாதிதான் தெரியுது" என்று நூறுக்கு இறக்குவார்.

"யாரு இதை மாத்துறது?"

"தானா மாறுதுங்க. உங்க தம்பி போட்டதாச்சே!"

தம்பி பேச்சை எடுத்தால் மனிதர் அடங்கிவிடுவார். எனக்கு இதெல்லாம் ஜன்னல் வழியாக இலவசம்.

நேற்று அந்தக் கொழுந்தன் வந்து லினக்ஸின் புதுப் பதிப்பை ஏற்றிவிட்டுப் போனான். இன்று பதினோரு மணிக்கு ஜன்னலில் திருத்தக்காவின் தலை தெரிந்தது.

"ஏய், அங்கதானே நிக்கிறே? கொஞ்சம் வந்துட்டுப் போயேன்."

கூப்பிடாமலே போகிறவள் நான். கூப்பிட்டால் கேட்கவா வேண்டும்?

"எல்லாத்தையும் இடம் மாத்தி வச்சுட்டான்," என்றாள். "முன்னெல்லாம் செட்டிங்ஸ் அமைப்புக்குள்ள போனா மேலேர்ந்து நாலாவது 'திரை'. அதுல கடைசி 'அளவு'. இப்ப நாலாவதை அமுக்கினா 'டிங்'குன்னு சத்தம்தான் வருது."

நாலாவதில் 'ஒலி' என்று எழுதியிருந்தது. அதற்கு இரண்டு வரி கீழே, பளிச்சென்று, 'திரை'.

"இதோ இருக்கே, அக்கா."

"எங்கே?"

விரலை வைத்துக் காட்டினேன். முகத்தைத் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோனாள். நேரே பார்க்காமல் கழுத்தைச் சாய்த்து ஓரக்கண்ணால் துழாவினாள், கோழி தரையைப் பார்க்கிற மாதிரி. கேலி செய்ய வாயெடுத்தேன், வரவில்லை. இத்தனை நாளும் அவள் படித்து அமுக்கவில்லை. எண்ணி எண்ணி அமுக்கியிருக்கிறாள்.

இருநூறை நானே அமுக்கிக் கொடுத்தேன்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"என்ன தெரியணும்? கண்ணாடி மாத்தணும், அவ்வளவுதான். இந்தப் புத்தகம் முடியட்டும். அதுக்குள்ள எவளாவது கண்ணு போச்சுன்னு கிளப்பிவிட்டா, மூணு பேர்ல என்னைத்தான் தூக்குவாங்க."

'எவளாவது' என்றபோது அவள் பார்த்தது என்னையா சுவரையா என்று புரியவில்லை.

அந்த நேரம் பார்த்துப் புருஷன் வந்து நின்றார், மறந்துவிட்டுப் போன அளவு டேப்பை எடுக்க. திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஓஹோ, தானா மாறுறது இவங்கதானா?"

"ஐயோ அண்ணே, நான் சும்மா வந்தேன்."

நின்றபடியே மவுஸைப் பிடித்து நூறு ஆக்கினார். எழுத்தெல்லாம் எறும்பாகச் சுருங்கியது. நடுவில், அளவை மாற்றும்போதெல்லாம் வருகிற சின்னப் பெட்டி ஒன்று வந்தது.

"தானா மாறுதுன்னியே? பாரு, உன்கிட்ட கேட்டுட்டுத்தான் மாறுது. என்ன கேக்குதுன்னு நீயே படி. ஊருக்கே பிழை திருத்துறவளாச்சே!"

திருத்தக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, தடங்கலில்லாமல் படித்தாள். "இந்தத் திரை அமைப்பை வைத்துக்கொள்ளவா? இருபது விநாடிகளில் பழைய அமைப்புக்குத் திரும்பும்."

ஒரு எழுத்துப் பிசகவில்லை. ஆனால் பெட்டியில் இருபது எப்போதோ இறங்கிவிட்டது; அப்போது ஓடிக்கொண்டிருந்தது பதினொன்று. பத்து. ஒன்பது.

அவர் அந்த எண்ணைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். யாரும் எதையும் அமுக்கவில்லை. எண் தீர்ந்ததும் திரை ஒருமுறை இருண்டது, பெரிய எழுத்துகள் திரும்பி வந்தன.

"எத்தனை நாளா?" என்று கேட்டார்.

அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

"மூணு மாசமா, அண்ணே," என்றேன். என் வாய் என்றைக்கு என் பேச்சைக் கேட்டது? "மொதல்ல தலைப்பு மட்டுந்தான்..."

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார். வாசலுக்குப் போய்க் கண் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். நாளை ஒன்பதரைக்கு வரச் சொன்னார்கள்.

திருத்தக்கா என் கையைத் தேடிப் பிடித்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீ மட்டும் வெளிய சொல்லிடாதேடி. இந்தப் புத்தகம் முடியற வரைக்கும். என்ன?"

"சேச்சே, நான் எதுக்குச் சொல்லப்போறேன்?" என்றேன்.

காலையில்தான் காய்கறிக் கடையில் அவளுடைய பதிப்பக மேலாளரின் மனைவியைப் பார்த்திருந்தேன். "உங்க ஆபீஸ் பாடமெல்லாம் எங்க வீட்டு அடுப்படியிலேர்ந்தே படிக்கலாம், ஃபீஸ் மட்டும் கேட்டுடாதீங்க" என்று சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. "அவ்வளவு பெரிசாவா வச்சுப் படிக்கிறாங்க?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

நானும் இரண்டு தடவை ஆமாம் சொன்னேன்.