மடிந்த காது

சின்னவள் மருந்துப் பெட்டிகளுக்கு லேபிள் வரைந்து சம்பாதித்தாள். வெட்டுத்தாளில் படம் செய்வது சம்பளத்துக்காக இல்லை, ஆசைக்காக. கெட்டியான பிளாஸ்டிக் தாளில் நிழல் விழுகிற இடத்தையெல்லாம் கத்தியால் வெட்டி எடுத்துவிடுவாள். தாளைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக் கறுப்புச் சாயத்தைப் பீய்ச்சினால், ஓட்டை வழியே நிழல் மட்டும் போய் உட்காரும். வெளிச்சத்தைச் சுவரே பார்த்துக்கொள்ளும். இதில் ஒரு சிக்கல் உண்டு. நிழலுக்கு நடுவில் ஒரு வெளிச்சத் துண்டு தனியாக நின்றால், சுற்றி வெட்டியதும் அது பொத்தென்று கழன்று விழுந்துவிடும். விழாமலிருக்க, நூல்போல ஒரு பட்டையை வெட்டாமல் விட்டுவைக்க வேண்டும். அதைப் பாலம் என்பார்கள். பார்க்கிறவர் கண்ணுக்குப் பாலம் என்றே தெரியாமல் பாலம் போடுவதில்தான் கைத்திறமை இருக்கிறது. சின்னவளுக்கு அது இருந்தது.

தெருக்குழாய்கள் காற்றைக் கக்கத் தொடங்கிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. மேட்டில் எழும்பிய புது அடுக்குமாடிகளுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டிருந்தார்கள். உத்தரவு போட்டவர் குடிநீர் வாரியத்தின் இயக்குநர். தெருக்காரர்களைத் திரட்டிப் போராட்டம் நடத்திய டீச்சர் சின்னவளைத் தேடி வந்தார்.

"கத்திக் கத்தி எங்க தொண்டைதான் காயுது. நீ சுவரைப் பேச வை. நம்ம தண்ணிய யார் நிறுத்துறாங்கன்னு பார்த்ததும் தெரியணும்."

இயக்குநரின் போட்டோ கிடைத்தது. ஆனால் அதை வெட்ட முடியவில்லை. அலுவலகப் போட்டோக்களில் வெளிச்சத்தை நேரே முகத்தில் அடிக்கிறார்கள். மூக்குக்குக்கூட நிழல் இருக்காது. கறுப்பு வெள்ளையாகப் பிரித்ததும் ஒரு கண்ணாடியும் கொஞ்சம் மீசையும்தான் மிஞ்சின. அதை யார் மூஞ்சியில் வேண்டுமானாலும் ஒட்டலாம்.

அப்போதுதான் அவள் கண் அத்தான்மேல் விழுந்தது.

அக்காவின் கணவர் அதே வாரியத்தில் வால்வு திறப்பவர். நெஞ்சுயர இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். குழி மூடியைத் தூக்கி, சாவியை உள்ளே விட்டு, காலையில் கொடுத்த உத்தரவுப்படி திருப்புவார். சாவிதான் அவர் கையில் இருந்தது, எந்தப் பக்கம் திருப்புவது என்பது இல்லை. ஒரே வீட்டில் குடியிருக்கும் சின்னவளுக்கு இது தெரியாததல்ல.

"அத்தான், அந்தச் சாவியப் புடிச்சுக்கிட்டு ஜன்னல் பக்கம் நில்லுங்களேன். கை வரையப் பழகணும்."

"கை மட்டும் போதுமா ஓவியரே? மூஞ்சியும் சும்மாதான இருக்கு."

"மூஞ்சி வேண்டாம். படம் கெட்டுப்போகும்."

"இதை உங்க அக்கா கல்யாணத்தன்னைக்கே சொல்லிட்டா."

சொன்னாலும் தலையை வாரிக்கொண்டுதான் வந்து நின்றார். உண்மையாகவே வால்வைத் திருப்புகிறவர்போல் பல்லைக் கடித்துத் தாடையை இறுக்கினார். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்து பாதி முகத்தை வெட்டி எடுத்தது. கை மட்டும் வேண்டும் என்றவள் முழுசாகப் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

கையை மட்டும் வெட்டிப் பார்த்தபோது யாரோ குழாய் ரிப்பேர் செய்வதுபோல் இருந்தது. முகத்தைச் சேர்த்ததும் படத்துக்கு உயிர் வந்தது. பாரமான வால்வைத் திருப்புகிறவனின் கடித்த பல், சுவரில் ஏறினால் கொடுமைக்காரனின் கடித்த பல் ஆகிவிடுகிறது. அத்தானின் இடது காது மேல்புறம், புத்தகத்தில் மடக்கிவைத்த பக்கம்போல் மடிந்திருக்கும். அந்த மடிப்புக்குள் ஒரு வெளிச்சத் துண்டு. அதைத் தாங்க மடிப்பின் கோட்டிலேயே பாலம் விட்டாள். அவள் போட்ட பாலங்களிலேயே நல்ல பாலம் அது.

பழைய அட்டையில் சாயம் அடித்துத் தாளைத் தூக்கிப் பார்த்தாள். அத்தான் நின்றார்.

'ரெண்டே நிறத்துல யாருக்குத் தெரியப்போகுது' என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டாள். பொய்தான். ரெண்டு நிறமாக்கினால் ஆளைக் காட்டாத சங்கதியெல்லாம் உதிர்ந்துபோய், ஆளைக் காட்டுகிறது மட்டும் தங்கும். தொழில் தெரிந்தவளுக்கு அது தெரியும். காதை மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. படம் அவ்வளவு நன்றாக வந்திருந்தது. 'உன் தண்ணி இவன் கையில்' என்று கீழே எழுத்தும் வெட்டித் தாளை டீச்சரிடம் கொடுத்துவிட்டாள்.

டீச்சரின் போராட்டக் குழுவினர் சுவர்சுவராக அடித்தார்கள். படத்தின் முன் நின்று ஜனங்கள் போட்டோ எடுத்தார்கள். அத்தான் வால்வு திறக்கப் போன இடத்திலெல்லாம் பேச்சு பின்னாலேயே வந்தது.

"சுவத்துலயும் நீ, ரோட்டுலயும் நீ. எங்க தண்ணிய மட்டும் காணோமேய்யா."

ஒரு வீட்டு அம்மா பாத்திரம் கழுவிய தண்ணீரை அவர் காலடியில் ஊற்றி, "இதுதான் மிச்சம், இதையும் மேட்டுக்குக் கொண்டு போ" என்றாராம். இது அக்காவின் காதுக்கு எட்டியது. அன்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் பொரிந்தாள்.

"அந்த மனுசன் யார் குடியைக் கெடுத்தாரு? எந்தக் கை வரைஞ்சுதோ, அந்தக் கை விளங்காமப் போக."

சின்னவளின் கை தட்டிலேயே நின்றது.

"சாப்பிடுற நேரத்துல என்ன சாபம்," என்றார் அத்தான். "யாரோ ஒரு வால்வுக்காரன். ஊர்ல நான் ஒருத்தன்தானா?"

தண்ணீர்ச் செம்பைச் சின்னவள் பக்கம் நகர்த்தினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலோரம் நின்றது அவர்தானே. அவருக்கு எதையும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மனைவியிடம்கூடச் சொல்லாமல் வைத்திருக்கிறார். 'ஓவியரே' என்று கூப்பிடுவது மட்டும் நின்றுபோயிருந்தது. திட்டினால் அழலாம், அடித்தால் வாங்கிக்கொள்ளலாம். நகர்த்திவைத்த செம்பை என்ன செய்வது? வாயிலிருந்த சோற்றை அந்தத் தண்ணீரை விட்டே விழுங்கினாள்.

மறுநாள் டீச்சரிடம் போய், படத்தை அழிக்கவேண்டும் என்றாள்.

"இப்பவா? இதைப் பார்த்துதான் கூட்டமே சேருது."

"அது எங்க அத்தான், டீச்சர்."

"தெரியும். பார்த்தன்னைக்கே தெரிஞ்சுது. உனக்குச் சம்மதம்னு நினைச்சேன்."

"இயக்குநர் பார்த்தாரா?"

"பார்த்தாராம். நல்லா வரைஞ்சிருக்காங்கன்னு சொன்னாராம்."

அந்தப் பாராட்டு சின்னவளைச் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது.

ஒரு வாளிச் சுண்ணாம்பும் பட்டைத் தூரிகையுமாக, சந்தைக்குப் பிரிகிற தெருமுனைச் சுவருக்குப் பட்டப்பகலில் போனாள். முதலில் கை. அப்புறம் சாவி, தாடை, கண். ஈரச் சுண்ணாம்பில் கறுப்பு ஊடுருவித் தெரியும், காயக் காயத்தான் வெளுக்கும். அதனால் முகம் உடனே மறையாமல், மெல்லிய துணிக்குப் பின்னாலிருந்து பார்ப்பதுபோல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆள் கூடியது. "யாரும்மா நீ? நல்ல படத்தை ஏன் கெடுக்கிற?"

"வரைஞ்சது நான்தான்," என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. சத்தமாக மறுபடி சொன்னாள். "நான்தான் வரைஞ்சேன். இவரு எங்க அத்தான். தண்ணிய நிறுத்தச் சொன்னது இவரு இல்ல. அது எனக்கு வரையும்போதே தெரியும்."

"கூடப் பொறந்தவ புருசனையா?" என்று யாரோ கேட்டார். பின்னால் ஒருவர் சிரித்தார். வேறொருவர், "சொந்தத்துக்கே சூனியம் வெச்சிருக்கா" என்றார். அவள் திரும்பவில்லை, தூரிகையை ஓட்டினாள்.

சிரிப்பு சட்டென்று நின்றதும்தான் திரும்பினாள். தோளில் சாவியோடு அத்தான் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார், எதுவரை கேட்டார் என்று தெரியவில்லை. சுவரை மேலும் கீழும் பார்த்தார்.

"காதை விட்டுட்டியே," என்றார்.

அவள் மறந்துபோய் விட்டதல்ல அது. தூரிகை நெற்றியிலிருந்து வந்து, காதைச் சுற்றிக்கொண்டு, கழுத்துக்கு இறங்கியிருந்தது. வெள்ளைக்கு நடுவே அந்த மடிப்பும், மடிப்புக்குள் யாருக்கும் தெரியாத அந்தப் பாலமும் இம்மி பிசகாமல் நின்றன. இத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொண்டபோது வராத வெட்கம் இப்போது உடம்பெல்லாம் ஏறியது. தூரிகையை முக்கிக் காதின் மேல் ஒரு முறை இழுத்தாள். இன்னொரு முறையும் இழுத்தாள்.

"மத்ததெல்லாம் எங்க இருக்குன்னு தெரியுமா?" என்றார்.

"கொஞ்சம்தான் தெரியும். தாளை அவங்ககிட்ட குடுத்துட்டேன்."

"எனக்குத் தெரியும். ஒண்ணு விடாமத் தெரியும்."

சாவியைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தார். முன்பெல்லாம் தெருமுனையில் அவளைக் கண்டால் காய்கறிப் பையைக்கூட அவள் கையில் விட மாட்டார், பிடுங்கிக்கொள்வார். இன்று வாளியை அவர் கேட்கவில்லை. அதன் கம்பி விரலை அறுத்தது. கை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு, அவர் நிற்கிற சுவரிலெல்லாம் நின்று, சின்னவள் பின்னால் போனாள்.