ம் கொட்டியவள்

ஞாயிற்றுக்கிழமை கம்பைநல்லூரிலிருந்து என்னை நிச்சயம் செய்ய வருவதாக இருந்தது. மாப்பிள்ளைக்குப் புளி மண்டி. கல்யாணத்துக்குப் பிறகு மொரப்பூர் பள்ளிக்கூட வேலையை நான் விட்டுவிட வேண்டும். அத்தா இதையெல்லாம் சொன்னபோது, பஸ்ஸில் நின்றே வந்த காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ‘ம்’ என்றேனாம். வஹிதா சம்மதித்துவிட்டாள் என்று தெருவெல்லாம் பேச்சு. எனக்கோ மறுத்துப் பேசவும் தெம்பில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலமும் அப்படித்தான் வந்து விழுந்தேன். பெங்களூரில் படிக்கும் தம்பி உசேன் லீவுக்கு வரும்போது ஒரு பகடை விளையாட்டு கொண்டுவந்திருந்தான். எண்பத்தாறில் தருமபுரியில் அதை வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். காய் கிடையாது, கட்டம் கிடையாது. அவன் கதை சொல்வான். கதைக்குள் எங்களுக்கு ஆளுக்கொரு வேஷம். அந்த ஆள் என்ன செய்வது என்பதை மட்டும் நாங்கள்தான் சொல்ல வேண்டும். அவன் கூட்டாளி மாதுவுக்குத் திருடன் வேஷம். நான் கோட்டைக் காவல்காரி. நாள் முழுக்கப் பிறர் சொன்னதைச் செய்து அலுத்த எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

எதிரிப் படை வந்துவிட்டது, கதவைத் திறந்து சரணடைந்துவிடலாம் என்று தளபதி உன்னிடம் சொல்கிறார் என்றான் உசேன். கண்ணை மூடியபடி ‘ம்’ என்றேன். உடனே பகடையை உருட்டினான். கதவு திறந்தது, காவல்காரி செத்தாள் என்றான்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் எங்கேடா திறந்தேன் என்று கேட்டேன்.

“ம்னு சொன்னியேக்கா.”

“கதை சொன்னா ம் கொட்ட மாட்டாங்களா? கேட்டுக்கிட்டிருக்கேன்னுதான்டா அதுக்கு அர்த்தம்.”

மாது எனக்குப் பரிந்து பேசினான். உசேன் யோசித்துவிட்டு, சரி, கதவு மூடியே இருக்கட்டும், இனி ‘செய்றேன்’ என்று வாய்விட்டுச் சொன்னால்தான் கணக்கு என்றான். நல்ல பிள்ளைதான்.

“இதையே அத்தாகிட்டயும் போய்ச் சொல்லுடா” என்றேன்.

அவன் பகடைகளைப் பொறுக்கினான்.

“இது விளையாட்டுக்கா” என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

அந்நேரம் அத்தா உள்ளே வந்தார். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு ஆள் சொல்லியாயிற்று, சரிதானே என்று என்னைக் கேட்டார். சும்மா இருந்தால் அதையும் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அவ்வளவு களைப்பிலும் எழுந்து நின்றேன்.

“எனக்கு இந்தக் கல்யாணம் வேணாங்க அத்தா. நான் வேலைக்குப் போறேன்.”

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். ஒருவரும் ம் கொட்டவில்லை.