யெப்தாவின் பதில்

"ஏனம்மணி, யெப்தா தோட்டத்துல மக்காச்சோளமா? அது நம்ம பக்கத்துக்கே நேத்து வந்ததாச்சே. பிஎஸ்சி படிச்ச புள்ள எழுதறதா இது?" ஐயாசாமி சிரித்துக்கொண்டே அந்த வார்த்தையைச் சிவப்பு மையால் அடித்தார்.

எதிர் நாற்காலியில் இருந்த அன்புக்கரசியும் சிரித்தாள். மதுக்கரையில் சிமெண்ட் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. மூன்று வருடமாக விடுமுறை நாட்களில் எழுதிய நாவல் இது. போரில் ஜெயித்தால் தன் வீட்டிலிருந்து எதிர்கொண்டு வருவதைப் பலியிடுவதாகக் கடவுளுக்குப் பொருத்தனை செய்த, வேதாகமத்து யெப்தா; தம்புரு வாசித்தபடி எதிரே வந்த அவன் ஒரே மகள். நாளை பதிப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். வேத வசனம் எங்காவது பிசகியிருக்கிறதா என்று பார்க்கத்தான் அப்பாவிடம் கொடுத்ததாகச் சொல்லியிருந்தாள். அது பாதிதான் உண்மை.

ஞாயிறு மதியம். ஆராதனைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையை அவர் இன்னும் மாற்றவில்லை. கடைசி அத்தியாயத்தில் பேனா நின்றது.

'வேற வழியே இல்லீங்களாப்பா?' என்று யெப்தாவின் மகள் கேட்டிருந்தாள். அதன் கீழே நான்கு வரிக்கு வெற்றிடம்.

"வேதத்துல அந்தப் புள்ள இப்படிக் கேக்கலியே கண்ணு. சரின்னுதானே சொல்லுது."

"இளவேனிலக்கா கேட்டாளுங்கப்பா."

பதினாறு வருடமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத பெயர். அன்புக்கரசிக்கு எட்டு வயதில் மூளைக்காய்ச்சல். சின்னவள் பிழைத்தால் பெரியவளைக் கர்த்தருடைய ஊழியத்துக்கு விடுகிறேன் என்று ஆஸ்பத்திரித் தரையில் முழங்காலிட்டவர் ஐயாசாமி. அன்புக்கரசி பிழைத்தாள். இளவேனில் வடக்கே ஒரு காட்டு ஊருக்குப் போனாள். ஒன்பதாம் மாதம் மலேரியா. அவளுடைய டிரங்குப் பெட்டி மட்டும் ரயிலில் திரும்பி வந்தது.

"அன்னிக்கு நீ தூங்கிட்டிருந்தே," என்றார், தாளைப் பார்த்தபடி.

"முழிச்சுட்டுத்தானுங்க இருந்தேன். நீங்க சொன்ன பதில்தான் காதுல உழுகல. அதான் எடம் உட்டிருக்கேன்."

அவருடைய சட்டைப் பொத்தான் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். அவர் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டால்கூடப் பரவாயில்லை. தன் உயிருக்காக அன்றைக்கு அக்காவிடம் என்ன சொல்லப்பட்டது என்று தெரியாமல் இன்னொரு வருடம் ஓட்ட முடியாது. டீத்தூளை இரண்டு முறை போட்டுவிட்டாள்.

"அம்மணி," என்று கூப்பிட்ட குரல் கேட்டது.

"வாரனுங்கப்பா."

சமையலறை நிலைக்கு வந்தவள் அங்கேயே நின்றாள். அவர் இவள் பக்கம் திரும்பவில்லை. பேனா மூடியிருந்தது. இவள் எழுந்துபோன நாற்காலியின் கைப்பிடியை எட்டிப் பிடித்துத் தன் பக்கம் இழுத்திருந்தார்.

"காதுல சரியா உழுகல கண்ணு," என்றார் அந்தக் காலி நாற்காலியிடம், இளவேனில் அதில் உட்கார்ந்திருப்பதுபோல. "இன்னொருக்கா கேளு."

சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார்.